ஒரு மறைவுச் செய்தியை வகுப்பறையில் வாசிப்பது எப்படி?

2024 அக்டோபர் 10, வியாழக்கிழமை. மறுநாள் ஆயுத பூஜை. நாமக்கல் பகுதியில் ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் எப்படி இருக்கும் என்பது இங்கு பணியாற்றும் ஆசிரியர்களுக்குத் தெரியும். பட்டறைகளிலும் பெட்ரோல் பங்க் ஓரங்களிலும் லாரிகளைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். வாழைக்கன்று, பூசணிக்காய், சந்தனம், பொரி எனச் சந்தை நிறைந்திருக்கும். எட்டாம் வகுப்பில் பாதிப் பேரின் மனம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியைச் சுற்றியே இருக்கும்.

அன்று காலை வகுப்புக்குள் நுழைந்ததும் ஒரு மாணவன் எழுந்து, "எங்கப்பா ஓட்டுற லாரியைக் கண்டுபிடிச்சவரு செத்துப்போயிட்டாருங்க சார்" என்றான். முந்தைய நாள் இரவு மும்பையில் ரத்தன் டாடா காலமான செய்தியைத்தான் அவன் சொன்னான். உடனே ஆளாளுக்குப் பேசத் தொடங்கினார்கள். ஒருவன் வாட்ஸ்அப்பில் வந்த கதையைச் சொன்னான். ஒருத்தி அவருடைய நாயைப் பற்றிச் சொன்னாள். "அவரு சொத்தெல்லாம் ஏழைகளுக்குக் குடுத்துட்டாருங்க சார்" என்றான் இன்னொருவன்.

அன்று நான் என்ன செய்தேன்? எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தவைத்தேன். பிறகு பாடத்துக்குப் போய்விட்டேன். அன்று மாலைதான் அது போதாது என்று தோன்றியது. "லாரியைக் கண்டுபிடித்தவர்" என்ற பிழையைக்கூட நான் திருத்தவில்லை. விடுமுறை முடிந்து வந்ததும் இரண்டு பாடவேளைகளை இதற்காக ஒதுக்கினேன். புகழ்பெற்ற தொழிலதிபர் ஒருவர் மறையும்போது மக்கள் ஏன் அப்படி வருந்துகிறார்கள்? அந்த நாள்களில் பரவும் செய்திகளை மாணவர்கள் எப்படிப் பிரித்தறிவது? மறைந்தவரைப் பற்றிக் கேள்வி கேட்கலாமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் வகுப்பில் நாங்கள் தேடிய விடைகளை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நேரில் பார்க்காதவருக்காக ஏன் வருந்துகிறோம்?

முதலில் சில அடிப்படைத் தகவல்கள். ரத்தன் டாடா 1937 டிசம்பர் 28 அன்று பிறந்தவர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தார். 1962இல் டாடா குழுமத்தில் சேர்ந்து, ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலையில் தொழிலாளர்களோடு பணியாற்றினார். 1991 முதல் 2012 வரை டாடா சன்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்தார். 2000இல் பத்மபூஷண் விருதும் 2008இல் பத்மவிபூஷண் விருதும் பெற்றார். 2024 அக்டோபர் 9 இரவு, 86ஆம் வயதில் காலமானார்.

மறுநாள் மகாராஷ்டிர அரசு துக்கம் அனுசரித்தது. ஜாம்ஷெட்பூர் அமைந்துள்ள ஜார்க்கண்ட் மாநிலமும் துக்க நாள் அறிவித்தது. மும்பை நரிமன் முனையில் உள்ள தேசிய நிகழ்கலை மையத்தில் அவரது உடல் மக்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்டது. வொர்லியில் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. ஆட்சிப் பொறுப்பு எதையும் வகிக்காத ஒருவருக்கு இத்தகைய மரியாதை அரிது.

மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன்: "உங்கள் வீட்டில் டாடா என்ற பெயர் எங்கெல்லாம் இருக்கிறது?" கரும்பலகை நிறைந்துவிட்டது. உப்புப் பொட்டலம், தேயிலைப் பொட்டலம், லாரி, மினி லாரி, அண்ணன் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனம் எனப் பட்டியல் நீண்டது. அக்காவின் திருமணத்துக்கு வாங்கிய டைட்டன் கைக்கடிகாரத்தை நான் சேர்த்தேன். டைட்டன், டாடா குழுமமும் நமது மாநில அரசின் டிட்கோ நிறுவனமும் இணைந்து 1984இல் தொடங்கிய நிறுவனம். அதன் ஆலை ஓசூரில் இருக்கிறது.

மக்களின் வருத்தத்துக்கு இது ஒரு காரணம். தினமும் கையில் எடுக்கும் பொருளில் இருக்கும் பெயர், நாளடைவில் வீட்டு மனிதரின் பெயரைப் போலாகிவிடுகிறது. இரண்டாவது காரணம், அந்தக் குழுமத்தின் அமைப்பு. டாடா சன்ஸ் நிறுவனப் பங்குகளில் ஏறத்தாழ 66 விழுக்காடு அறக்கட்டளைகளிடம் இருக்கிறது. கல்வி, மருத்துவம், ஆராய்ச்சி போன்ற பணிகளுக்கு அந்த வருவாய் போகிறது. "சொத்தெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார்" என்று மாணவன் சொன்னதற்குப் பின்னால் இந்த உண்மை இருக்கிறது. ஆனால், இந்த ஏற்பாட்டை அவருக்கு முந்தைய தலைமுறையினரே செய்து வைத்திருந்தார்கள். மூன்றாவது காரணம், அவர் வாழ்ந்த விதம். பெரும் பணக்காரர்களிடம் மக்கள் எதிர்பார்க்கும் ஆடம்பரத்தை அவரிடம் பார்க்கவில்லை. 2008 நவம்பரில் மும்பை தாஜ் ஓட்டல் தாக்கப்பட்ட பிறகு, பாதிக்கப்பட்ட ஊழியர்களின் குடும்பங்களுக்குத் துணை நின்றதைப் பலர் நினைவில் வைத்திருந்தார்கள்.

பரவிய செய்திகளை மூன்றாகப் பிரித்தோம்

அடுத்து, அவரவர் வீட்டுக் கைப்பேசிகளில் வந்த செய்திகளை நினைவிலிருந்து எழுதச் சொன்னேன். கிடைத்தவற்றை மூன்று வகையாகப் பிரித்தோம்.

முதல் வகை, ஆவணத்தோடு ஒப்பிட்டு உறுதிசெய்யக்கூடியவை. பிறந்த தேதி, வகித்த பொறுப்பு, பெற்ற விருது போன்றவை இதில் அடங்கும். 2008இல் ஃபோர்டு நிறுவனத்திடமிருந்து ஜாகுவார், லேண்ட் ரோவர் கார் நிறுவனங்களை டாடா மோட்டார்ஸ் வாங்கியதும் இவ்வகைதான்.

இரண்டாம் வகை, ஒருவர் நினைவிலிருந்து சொன்னவை. இதே ஃபோர்டு தொடர்பாக ஒரு கதை வகுப்பில் மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது. 1999இல் தமது கார் பிரிவை விற்பதற்காக டாடா அமெரிக்கா சென்றபோது அங்கே அவமதிக்கப்பட்டார். ஒன்பது ஆண்டுகள் கழித்து அவர்களுடைய நிறுவனத்தையே வாங்கினார் என்பது கதை. அந்தப் பயணத்தில் உடனிருந்த குழும அலுவலர் ஒருவர், பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு விழாவில் இதைச் சொன்னார். அதனால் இதைப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் ஒரு தரப்பின் நினைவு என்று குறிப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். 'பழிக்குப் பழி' என்ற சினிமாத்தனமான சுவையைக் கைமாறிய ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்திருப்பார்கள்.

மூன்றாம் வகை, தவறானவை. அவருடைய 'கோவா' என்ற நாய் இறுதி அஞ்சலிக்கு அழைத்து வரப்பட்டது உண்மை. சில நாள்களில், அந்த நாயும் ஏக்கத்தில் இறந்துவிட்டது என்று ஒரு செய்தி பரவியது. மும்பைக் காவல் அலுவலர் ஒருவர் விசாரித்து, நாய் நலமாக இருக்கிறது என்று தெரிவித்தார். இதைக் கேட்டதும் வகுப்பில் ஒரே ஆரவாரம். அழுதுகொண்டே பகிர்ந்த செய்தி பொய்யென்று தெரிந்ததில் அவர்களுக்குக் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம்.

அவர் உயிரோடு இருந்தபோதே அவர் பெயரில் பொய்கள் பரவின. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், பொருளாதாரத்தைப் பற்றி அவர் சொன்னதாக ஒரு நீண்ட செய்தி சுற்றியது. அதைத் தாம் சொல்லவும் இல்லை, எழுதவும் இல்லை என்று அவரே மறுத்தார். 2023 உலகக் கோப்பைப் போட்டியின்போது ஆப்கானிஸ்தான் கிரிக்கெட் வீரருக்கு அவர் பரிசு அறிவித்ததாகச் செய்தி வந்தது. அதையும் மறுத்தார். மறைவுக்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபர் 7 அன்று, உடல்நிலை பற்றி வதந்தி பரவியபோது, வயது காரணமாகப் பரிசோதனை செய்துகொள்வதாகவும் கவலைப்பட வேண்டாம் என்றும் அவர் பெயரில் அறிக்கை வந்தது.

"உசுரோட இருந்தாரு, மறுத்தாரு. இப்ப யாருங்க சார் மறுப்பாங்க?" என்று கேட்டான் ஒரு மாணவன். எனக்கு அந்தப் பாடவேளையில் கிடைத்த பெரிய பரிசு அந்தக் கேள்விதான். மறைந்தவரால் மறுப்பு அறிக்கை விட முடியாது. ஆகவே அவர் சொன்னதாக வரும் எதையும் சரிபார்க்கும் பொறுப்பு படிப்பவருக்கு வந்துவிடுகிறது. பொன்மொழி எழுதி ஒட்டும் நமது பள்ளிச் சுவர்களுக்கும் இது பொருந்தும்.

லாரியைக் கண்டுபிடித்தவர் யார்?

இனி முதல் நாள் விட்டுவிட்ட பிழைக்கு வந்தோம். டாடா குழுமத்தை ரத்தன் டாடா தொடங்கவில்லை. 1868இல் ஜாம்செட்ஜி டாடா தொடங்கினார். 1945இல் 'டெல்கோ' என்ற பெயரில் ரயில் எஞ்சின் தயாரிக்க உருவான நிறுவனம், 1954இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து லாரி தயாரிக்கத் தொடங்கியது. பழைய ஓட்டுநர்கள் இன்றும் 'டாடா பென்ஸ்' என்று சொல்வதன் காரணம் அதுதான். அந்த நிறுவனத்தைப் பல்லாண்டுகள் வளர்த்தவர் சுமந்த் மூல்காவ்கர். அவருடைய பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்துத்தான் 'சுமோ' என்று ஒரு வண்டிக்குப் பெயர் வைத்தார்கள். வகுப்பில் சுமோ தெரியாதவர் யாரும் இல்லை. மூல்காவ்கரைத் தெரிந்தவரும் யாரும் இல்லை.

அப்படியானால் ரத்தன் டாடா என்ன செய்தார்? தலைவரானபின், தனித்தனியாகச் சிதறிக் கிடந்த நிறுவனங்களை ஒருங்கிணைத்தார். லாரி நிறுவனத்தைக் கார் தயாரிப்புக்குக் கொண்டுவந்தார். 1998இல் அறிமுகமான இண்டிகா, இந்தியாவிலேயே வடிவமைத்து உருவாக்கிய கார் என்று பெயர் பெற்றது. 2000இல் டெட்லி தேயிலை நிறுவனத்தையும் 2007இல் கோரஸ் எஃகு நிறுவனத்தையும் டாடா குழுமம் வாங்கியது. இவையே பெரும் பணிகள். அவர் செய்யாததையும் அவர் பெயரில் சேர்த்தால்தான் அவருக்குப் பெருமை என்றில்லை.

இங்கே மாணவர்கள் தாமாகவே அடுத்த படிக்குப் போனார்கள். ஆலையிலிருந்து சேஸ் மட்டும் வரும்; பாடி கட்டுவது நம் ஊர்ப் பட்டறைகளில்தானே என்றாள் ஒரு மாணவி. உண்மைதான். இன்றும் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்துப் பட்டறைகளுக்கு வெறும் சேஸாக வந்து, முழு வண்டியாகப் போகும் லாரிகள் உண்டு. மர வேலை செய்பவர், வெல்டர், எலெக்ட்ரீசியன், பெயிண்டர், தார்ப்பாய் தைப்பவர் எனப் பலர் கைவைத்த பிறகுதான் லாரி ஓடுகிறது. திருச்செங்கோட்டில் அதன்மேல் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் ஏறுகிறது. நாமக்கல்லில் எரிவாயு டேங்கர் ஏறுகிறது. முன்பக்கத்தில் ஒரு பெயர் இருக்கிறது. மற்றப் பெயர்களை எழுத அதில் இடம் இல்லை.

ஒரே மாதத்தில் இரண்டு மறைவுகள்

மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு இதையே உலக அளவில் விளக்க ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2011 அக்டோபர் 5 அன்று ஆப்பிள் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ் 56ஆம் வயதில் காலமானார். உலகெங்கும் ஆப்பிள் கடைகளின் வாசலில் மக்கள் பூங்கொத்தும் மெழுகுவத்தியும் கடித்த ஆப்பிளும் வைத்தார்கள். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இரங்கல் செய்தி அனுப்பியதாக அந்த நிறுவனம் தெரிவித்தது.

ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 12 அன்று, டென்னிஸ் ரிட்சி தம் வீட்டில் இறந்துகிடந்தது தெரியவந்தது. அவருக்கு வயது 70. 'சி' நிரல்மொழியை உருவாக்கியவர். கென் தாம்சனுடன் சேர்ந்து யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர். ஐபோனை இயக்கும் மென்பொருளே யூனிக்ஸ் மரபில் வந்ததுதான். நமது பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் உள்ள சி++, அவருடைய மொழியிலிருந்து கிளைத்தது. ஆனால் கணினித் துறையினரைத் தவிர, அவர் மறைவை அறிந்தவர்கள் மிகச் சிலர்.

நம் நாட்டிலும் இதற்கு இணை உண்டு. எஃப்.சி. கோலி 2020 நவம்பர் 26 அன்று 96ஆம் வயதில் காலமானார். டி.சி.எஸ். நிறுவனத்தை அதன் தொடக்கக் காலத்திலிருந்து வளர்த்து, இந்திய மென்பொருள் துறையின் தந்தை என்று அழைக்கப்பட்டவர். எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்குக் கணினி வழியாக எழுத்தறிவு தரும் திட்டத்தை முன்னெடுத்தவர். அதில் தமிழும் ஒரு மொழி. நம் மாணவர்களில் எத்தனையோ பேரின் அண்ணன்மாரும் அக்காமாரும் அந்தத் துறையில் வேலை செய்கிறார்கள். அந்த நாளில் எந்த வகுப்பிலும் மௌன அஞ்சலி நடந்ததாக எனக்கு நினைவில்லை. நானும் நடத்தவில்லை.

இதைச் சொல்லும்போது ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்த வேண்டியதில்லை. பொருளை உருவாக்கியவர், அதை ஒழுங்குபடுத்திச் சந்தைக்குக் கொண்டுவந்தவர், அதற்கு முதலீடு செய்தவர், அதில் உழைத்தவர் ஆகிய எல்லோருடைய பங்கும் தேவை. யாருடைய முகம் நமக்கு முன்னால் நிற்கிறதோ அவருக்காக மட்டும் நாம் அழுகிறோம் என்பதை மாணவர்கள் புரிந்துகொண்டால் போதும்.

மறைந்தவரைப் பற்றிக் கேள்வி கேட்கலாமா?

இரண்டாம் பாடவேளையில் நான் நானோ காரைப் பற்றிச் சொன்னேன். ஒரு இலட்சம் ரூபாயில் கார் என்ற அறிவிப்போடு 2008 ஜனவரியில் அறிமுகமானது. அதற்காக மேற்கு வங்கத்தின் சிங்கூரில் விளைநிலங்கள் கையகப்படுத்தப்பட்டபோது விவசாயிகளில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். போராட்டம் வலுக்கவே, 2008 அக்டோபரில் டாடா நிறுவனம் அங்கிருந்து வெளியேறி, ஆலையைக் குஜராத்தின் சானந்துக்கு மாற்றியது. 2016இல் உச்ச நீதிமன்றம், அந்த அரசு நிலம் எடுத்த முறை செல்லாது எனத் தீர்ப்பளித்து, நிலத்தை உரியவர்களிடம் திருப்பித் தர உத்தரவிட்டது. காரும் எதிர்பார்த்தபடி விற்கவில்லை.

அப்போதுதான் ஒரு மாணவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "செத்துப்போனவங்களப் பத்தி இப்படியெல்லாம் பேசலாங்களா சார்?"

நம் பண்பாட்டில் ஊறிய கேள்வி இது. துக்க வீட்டில் குறை பேசுவதை நாம் விரும்புவதில்லை. அது நல்ல பழக்கமும்கூட. தமிழிலக்கியத்தில் இதற்கென்றே 'கையறுநிலை' என்ற துறை இருக்கிறது. தலைவனை இழந்தவர் தம் துயரைச் சொல்லும் பாடல் அது. புறநானூற்றில் பாரி மகளிர் பாடியது அத்துறைதான். அங்கே நாம் கேட்பது இழந்தவர்களின் குரல். பாரியின் ஆட்சியைப் பற்றிய ஆய்வை அதில் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

அந்த மாணவிக்கு நான் இப்படிச் சொன்னேன்: "துக்கத்துக்குப் போனால் ஆறுதல் சொல்லணும். அங்கே கேள்வி கேட்கக் கூடாது. வகுப்பறை துக்க வீடு இல்லை. இங்கே நாம் ஒருவரின் வாழ்க்கையைப் படிக்கிறோம். படிக்கும்போது எல்லாப் பக்கத்தையும் படிக்கணும். அவரை இழிவாகப் பேசக் கூடாது, அவ்வளவுதான்." முழுமையான விடை இதுதானா என்று தெரியாது. அவள் தலையாட்டிவிட்டு, "அப்ப அந்த விவசாயிங்க அன்னைக்கு என்ன நினைச்சிருப்பாங்க?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

வகுப்பில் செய்து பார்க்கச் சில செயல்பாடுகள்

தொடக்க வகுப்புகள்: வீட்டில் உள்ள ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். அது நம் கைக்கு வர யார் யார் உழைத்திருப்பார்கள் என்று படமாக வரையச் சொல்லலாம். முட்டை, ஜவ்வரிசி, லாரி எதுவாகவும் இருக்கலாம்.

நடுநிலை வகுப்புகள்: ஒரு நாளிதழின் மறைவுச் செய்தியைப் படித்து, தகவலுக்குப் பச்சை, கருத்துக்கு மஞ்சள், 'சொல்லப்படுகிறது' என வருவதற்குச் சிவப்பு என அடிக்கோடிடச் செய்யலாம்.

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகள்: ஒரே மனிதரைப் பற்றி மறைவு நாளில் வந்த செய்தியையும், அவர் வாழ்ந்த காலத்தில் வந்த செய்தியையும் ஒப்பிடச் செய்யலாம். எவை விடுபட்டுள்ளன என்று கண்டுபிடிப்பதே பயிற்சி.

ஓர் எச்சரிக்கை. நம் பகுதியில் சாலை விபத்தில் தந்தையை இழந்த பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். வெளிமாநிலத்தில் எங்கோ நடந்த விபத்து நாளிதழில் இரண்டு வரியாகக்கூட வந்திருக்காது. நாடே ஒருவருக்காக அழுவதைப் பார்க்கும்போது அந்தப் பிள்ளையின் மனத்தில் என்ன ஓடும் என்பதை எண்ணிப் பார்த்துவிட்டு இப்பாடத்தைத் தொடங்குங்கள். எந்தப் பிள்ளையையும் தன் வீட்டு இழப்பைப் பற்றிப் பேசும்படி வற்புறுத்த வேண்டாம். தானாகப் பேச வந்தால் நேரம் கொடுத்துக் கேளுங்கள்.

நான் கடைசியாகக் கொடுத்த பணி இதுதான்: உங்கள் ஊரில் வேலை செய்து மறைந்த ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். பெயர், செய்த வேலை, அது யாருக்குப் பயன்பட்டது, அவரைப் பற்றி யாரிடம் கேட்டீர்கள் ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். கேள்வி கேட்ட மாணவி, தன் தாத்தாவைப் பற்றி எழுதி வந்தாள். லாரிகளின் பின்பக்கம் பெயரெழுதும் பெயிண்டராக இருந்தவர். பாட்டியிடமும் பட்டறைக்காரர் ஒருவரிடமும் கேட்டு எழுதியிருந்தாள். அவர் எழுதிய வண்டிகளில் இரண்டு இன்னும் ஓடுகின்றன என்று பட்டறைக்காரர் சொன்னாராம். அந்த வரியின் கீழே சிவப்புக் கோடு போட்டு, 'இன்னும் நேரில் பார்க்கவில்லை' என்று பக்கத்தில் குறித்திருந்தாள்.